அத்தைக்கும் பேரனுக்கும் ஒரே கண் நோயா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் முக்கூடல் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவரின் தாயாருக்கு 54 வயது. முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார்கள். இரண்டு வருடமாக அத்தைக்கு இடது கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிகிறது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு பூளை தள்ளியிருக்கும். மெடிக்கலில் வாங்கி எத்தனையோ சொட்டு மருந்து விட்டுப் பார்த்தோம். விடும்வரை நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் மறுபடியும் வந்துவிடுகிறது. போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்று சொன்னவர்கள், மூக்கோரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறது, இப்போது ஆபரேஷன் செய்ய முடியாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தை மட்டும் துணிப்பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து மனம் விட்டுப்போய் இருக்கிறார்கள். இதற்கிடையில் என் நான்கு மாதக் குழந்தைக்கும் ஒரு கண்ணில் அதேபோல் நீர் கோத்துப் பூளை தள்ளுகிறது. தன்னிடமிருந்துதான் பேரனுக்கு ஒட்டிக்கொண்டது என்று அத்தை பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, கண்ணில் தாய்ப்பால் விடு, சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஆபரேஷன்தான் வழியா?

வாசகி, திருநெல்வேலி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே உங்கள் அத்தையிடம் போய் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பேரனுக்கு வந்திருப்பது அவரிடமிருந்து ஒட்டியது அல்ல. அவர் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம். கண்ணில் பூளை தள்ளினாலே அது மெட்ராஸ் ஐ என்று எண்ணி ஒதுங்கிக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. மெட்ராஸ் ஐ உண்மையிலேயே தொற்றக்கூடியதுதான். ஆனால் அது திடீரென்று வந்து, கண்ணை நன்றாகச் சிவக்க வைத்து, பெரும்பாலும் இரண்டு கண்களையும் பிடித்து, இரண்டொரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு ஆண்டுகளாக ஒரே கண்ணில் மட்டும் நீர் வடிந்து, வெள்ளைவிழி அதிகம் சிவக்காமலே பூளை தள்ளிக்கொண்டிருப்பது வேறு வகை. பூளையில் கிருமி இருப்பதால், கண்ணைத் துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுவதும், துடைக்கிற துணியைத் தனியாக வைத்துக்கொள்வதும் போதுமானவை. உங்கள் அத்தைக்கும் குழந்தைக்கும் அடைபட்டிருப்பது ஒரே குழாய்தான் என்றாலும், அடைபட்ட காரணம் வேறு, செய்ய வேண்டியதும் ஏறத்தாழ நேர் எதிரானது. அத்தை விஷயத்தில் இனியும் காத்திருக்கக் கூடாது, குழந்தை விஷயத்தில் அவசரப்படக் கூடாது.

கண்ணீர் அழும்போது மட்டும் சுரப்பதில்லை. புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே, எலும்பின் உள்பக்கத்தில், பாதாம் பருப்பு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுவும் இமையிலுள்ள சிறு சுரப்பிகளும் இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக நீரைச் சுரந்து கருவிழியை ஈரமாக வைத்திருக்கின்றன. இப்படிச் சுரக்கும் நீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால், வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழிமையை மூக்கை ஒட்டிய முனையில் மெல்ல வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். குண்டூசி முனை குத்தியதுபோல் ஒரு சிறு துளை தெரியும். அதன் அகலம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். மேலிமையிலும் அதற்கு எதிரே ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை கண் இமைக்கும்போதும் கண்ணீர் இந்தத் துளைகளில் இறங்கி, சுமார் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல்கள் வழியாகச் சென்று, மூக்கின் பக்கச்சுவரில் ஓர் எலும்புக் குழியில் அமர்ந்திருக்கும் கண்ணீர்ப் பையை அடைகிறது. அந்தப் பையிலிருந்து கீழே இறங்கும் எலும்புக் குழாய் மூக்கினுள் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணுக்கு விட்ட மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான்.

குளத்துப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மடை திறந்திருக்கும்வரை குளத்துக்கு வந்த தண்ணீர் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும், மடை தூர்ந்துபோனால் குளம் மறுகால் பாயும். உங்கள் அத்தையின் கன்னத்தில் வடிவது மறுகால் தண்ணீர். அவருடைய கண் அளவுக்கு மீறிச் சுரக்கவில்லை, சுரந்த நீர் போவதற்கு வழியில்லை. மடை அடைந்த குளத்தில் தேங்கிய நீர் கெட்டுப் பாசி பிடிப்பதுபோல, வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டுமான அந்தப் பைக்குள் தேங்கிய கண்ணீரில் கிருமிகள் பெருகுகின்றன. முதலில் சளிபோல இருந்தது போகப்போகச் சீழாகிறது. மருத்துவத்தில் இதனைக் கண்ணீர்ப் பையின் நாட்பட்ட அழற்சி என்கிறோம். இது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கு, கூடுதலாக வருகிறது. பெண்களின் எலும்புக் குழாய் இயல்பாகவே சற்றுக் குறுகலாக இருப்பது அதற்கு ஒரு காரணம். குழாயின் உள்தோல் மெல்ல மெல்ல வீங்கித் தடித்து, தழும்பாகி, ஒரு கட்டத்தில் முழுவதும் மூடிக்கொள்கிறது. முப்பது வருடம் பீடி சுற்றியதால்தான் இப்படி ஆனதோ என்ற குற்ற உணர்வு அவருக்கு வேண்டாம். பீடித்தட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் இதே அடைப்பு இதே வயதில் வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தூள் படிந்த விரலால் கண்ணைத் துடைத்தால் எரிச்சல் கூடும், எரிச்சல் கூடினால் நீர் இன்னும் கூடும். வேலைக்கு நடுவே கண்ணைத் துடைக்க நேர்ந்தால் முதலில் கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்து விடும்வரை நன்றாக இருந்து, நிறுத்தினால் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. மருந்து கண்ணின் மேற்பரப்பில் உள்ள கிருமியைக் குறைக்கிறது. எலும்புக்குள் மூடிப்போன குழாயை எந்தச் சொட்டு மருந்தாலும் திறக்க முடியாது. அடைப்பு இருக்கும்வரை பை மறுபடி நிறைந்துகொண்டுதான் இருக்கும். இதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த மருந்துகளைச் சீட்டில்லாமல் வாங்கினீர்கள் என்பது. சிவந்த கண்ணுக்கு என்று கடையில் கேட்டால் கிடைக்கிற மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பையும் எரிச்சலையும் உடனே அடக்குவதால் நல்ல மருந்தாகத் தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் கண் நீர் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், புரை விரைவாக வளரலாம், கருவிழியில் பூஞ்சைப் புண் இருந்தால் அது தீப்போலப் பரவலாம். வீட்டில் இருக்கும் பழைய குப்பிகளைத் தூக்கி எறியாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது எத்தனை நாள் விடப்பட்டது என்பது அவருக்குத் தெரிய வேண்டும், கண் அழுத்தத்தையும் அன்றே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முகாமில் நடந்ததற்கு வருகிறேன். எல்லாரும் பஸ்ஸில் ஏறிப் போக, தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தது உங்கள் அத்தைக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும், அன்று அவரைத் திருப்பி அனுப்பிய மருத்துவர் அவருடைய கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். புரை அறுவை என்பது கண்ணைத் திறந்து, கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைப்பது. கண்ணின் உட்பகுதியில் கிருமியை எதிர்க்கும் சக்தி மிகக் குறைவு. அரை அங்குலத் தூரத்தில் ஒரு பை நிறையச் சீழ் காத்திருக்கும்போது கண்ணைத் திறந்தால், அந்தக் கிருமி உள்ளே புகுந்து ஓரிரு நாளில் கண்ணுக்குள்ளேயே சீழ் பிடித்து, பார்வை முழுவதும் போய்விடக்கூடும். அதனால்தான் நம் நாட்டில் புரை அறுவைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மூக்கோரத்தை அமுக்கிப் பார்க்கிறோம், கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்திப் பார்க்கிறோம். மூக்கின் வேருக்கும் கண் முனைக்கும் இடையே விரலை வைத்து அமுக்கும்போது, நான் சொன்ன அந்தக் குண்டூசித் துளையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு மெல்ல எழுந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு எந்த மருத்துவரும் அந்தக் கண்ணில் கத்தி வைக்கத் துணிய மாட்டார். உங்கள் அத்தைக்கு அறுவை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் குழாய், பிறகு புரை.

குழாயை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னால் மறக்க முடியாத ஒரு கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பிசான அறுவடை முடிந்த சமயத்தில், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மாவை அழைத்து வந்தார்கள். களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் ஒரு தூசு அடித்திருக்கிறது. அதுபோலக் கீறல் படாத கண் நம் வயல்களில் அரிது, பெரும்பாலானவை தானாகவே ஆறிவிடுகின்றன. அந்த அம்மாவுக்கு ஆறவில்லை. நான்காவது நாள் வந்தபோது கருவிழியின் நடுவே கடுகளவுக்கு மேல் ஒரு வெள்ளைப் புண், அதற்குக் கீழே கண்ணுக்குள் சீழ் மட்டமாகத் தங்கியிருந்தது. மூக்கோரத்தை அமுக்கினேன், சீழ் வந்தது. ஐந்து வருடமாக அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததாம். நெல் பட்ட கீறலில், பக்கத்திலேயே காத்திருந்த கிருமி ஏறிக்கொண்டது. நிமோகாக்கஸ் என்ற கிருமி இப்படிப்பட்ட பைகளில் அடிக்கடி குடியிருக்கும், கருவிழியை விரைவாகத் தின்றுவிடக்கூடியது அது. இரவு பகலாக மணிக்கொரு முறை மருந்து விட்டுக் கண்ணைக் காப்பாற்றினோம், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. கை அசைவது தெரிகிறது, அவ்வளவுதான். “தண்ணிதானய்யா வடியுதுன்னு இருந்துட்டேன்” என்றார் அந்த அம்மா. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நாட்பட்ட சீழ்ப் பை எப்போது வேண்டுமானாலும் திடீரென்று சீறிக்கொண்டு எழலாம். மூக்கோரம் சிவந்து, கொதித்து, தொட முடியாத வலியோடு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கும், காய்ச்சல் வரலாம். அந்த நேரத்தில் அதைப் பிதுக்கக் கூடாது, வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது, பச்சிலை அரைத்துப் பற்றுப் போடக் கூடாது. மருத்துவரும் அப்போது குழாய்க்குள் எதையும் செலுத்த மாட்டார். மாத்திரையாகவோ ஊசியாகவோ கிருமிக்கொல்லி மருந்தும், இதமான வெந்நீர் ஒத்தடமும், கட்டி பழுத்துவிட்டால் அதை முறையாகக் கீறி விடுவதும்தான் அந்தக் கட்டத்துச் சிகிச்சை. தானாக உடைந்தால் அந்த இடத்தில் ஆறாத துளை விழுந்து, கண்ணீர் கன்னத்தின் மேலேயே கசிந்துகொண்டிருக்கும். வீக்கம் இமை முழுவதும் பரவினாலோ, கண்ணை அசைக்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு.

நீங்கள் மருத்துவமனைக்குப் போனால் முதலில் குழாயில் தண்ணீர் செலுத்திப் பார்ப்பார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, கூர் இல்லாத மெல்லிய ஊசியை அந்தத் துளையில் நுழைத்து, உப்புநீரை மெதுவாகச் செலுத்துவார்கள். வலி பெரிதாக இருக்காது. குழாய் திறந்திருந்தால் நோயாளி உடனே விழுங்கிக்கொண்டே “தொண்டையில் உப்புக் கரிக்கிறது” என்பார். அடைத்திருந்தால் செலுத்திய நீர் மேல் துளை வழியாகவே திரும்பி வரும், பல நேரம் சீழையும் சேர்த்துக்கொண்டு வரும். அதோடு மூக்கையும் பார்ப்பார்கள். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அறுவைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. இங்கே நம் தென்மாவட்டங்களில் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளம் குட்டைகளில் குளிப்பவர்களுக்கு மூக்கிலும் கண்ணீர்ப் பையிலும் சிவந்த, தொட்டால் ரத்தம் கசியும் சதை வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. அதற்குச் சிகிச்சையே வேறு, அந்தச் சதையை முழுவதும் அகற்ற வேண்டும். ஆகவே அத்தைக்கு எப்போதாவது கண்ணீரில் ரத்தம் கலந்து வந்ததா, மூக்கில் ரத்தம் வந்ததா, அமுக்கினாலும் அமுங்காத கெட்டியான வீக்கம் மூக்கோரத்தில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டு, இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அரிதாகக் கண்ணீர்ப் பையில் கட்டி வளர்வதற்கும் இவையே அறிகுறிகள்.

அடைப்பு உறுதியானால் செய்யப்படும் அறுவைக்கு டி.சி.ஆர். என்று பெயர். அடைபட்ட பழைய குழாயைத் தோண்டித் திறக்க முயலாமல், கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய எலும்பில் ஒரு சன்னல் திறந்து, பையின் உள்தோலையும் மூக்கின் உள்தோலையும் சேர்த்துவிடுவோம். தூர்ந்த மடையை விட்டுவிட்டுக் கரையில் புது மடை வெட்டுவதற்குச் சமம். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904-ஆம் ஆண்டில் விவரித்த அறுவை இது. நுணுக்கங்கள் மாறியிருந்தாலும் அடிப்படை இன்றும் அதுதான். மூக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு கீறல் போட்டுச் செய்வது ஒரு முறை. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் கருவியைச் செலுத்தி, வெளியே தழும்பே இல்லாமல் செய்வது இன்னொரு முறை. எந்த முறை என்பதைப் பையின் நிலையையும் மூக்கின் அமைப்பையும் பார்த்து அறுவை செய்பவர் முடிவு செய்யட்டும். தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டு முறைகளிலுமே நல்ல பலன் கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெளிக்கீறல் போட்டால் தையலை ஒரு வாரத்தில் பிரிப்பார்கள், மூக்குக் கண்ணாடி அமரும் இடத்தில் மெல்லிய கோடுபோல் ஒரு தழும்பு இருக்கும், சில மாதங்களில் அது மங்கிவிடும். சிலருக்கு வழி மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய சிலிகான் குழாயைச் சில வாரங்கள் உள்ளே வைப்பதுண்டு. அது தெரியாமல் இழுத்துவிட்டால் கண் முனையில் நூல்போல வெளியே வரும். அப்படி வந்தால் வெட்டிவிடாமல், உள்ளே தள்ளாமல், நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும்.

மிகவும் வயதானவர்களுக்கு, உடல் தாங்காது என்று தோன்றுபவர்களுக்கு, பையையே எடுத்துவிடுகிற டி.சி.டி. என்ற எளிய அறுவையும் உண்டு. அதில் சீழ் நின்றுவிடும், புரை அறுவைக்குத் தடை நீங்கிவிடும், ஆனால் நீர் வடிவது நிற்காது. 54 வயது என்பது அதற்கான வயதே அல்ல. விரைவில் முடிந்துவிடும் என்பதற்காக யாராவது அதைச் சொன்னால், டி.சி.ஆர். ஏன் கூடாது என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

அறுவைக்கு முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். மூக்கின் உள்தோல் எளிதில் ரத்தம் கசியும் இடம் என்பதால் ரத்த அழுத்தத்தை நாங்கள் மிகவும் கண்டிப்பாகப் பார்ப்போம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு இரண்டு வாரமாவது பலமாக மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முதல் சில நாட்கள் சூடான காப்பி, ரசம் ஆகியவற்றை ஆறவைத்துக் குடிக்க வேண்டும். பீடித்தட்டை மடியில் வைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவதும் அந்த நாட்களில் கூடாது. தூள் வாடையில் தும்மல் வருவதும், குனிந்தே இருப்பதும் மூக்கில் ரத்தம் கசியக் காரணமாகலாம். வார வருமானம் குறையுமே என்று அத்தை தயங்குவார் என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டு வாரத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். குழாயில் மறுபடி நீர் செலுத்திப் பார்த்து, வழி திறந்திருக்கிறது, சீழ் இல்லை என்று உறுதியான பிறகு, பொதுவாக ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்தில் புரை அறுவைக்குத் தேதி கொடுக்கலாம்.

இதற்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போகத் தேவையில்லை. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது. 1988 முதல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது, அதன் நிறுவனர் டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான். முகாமில் கொடுத்த சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் சீட்டுகள், அந்தப் பழைய சொட்டு மருந்துக் குப்பிகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இனிக் குழந்தையைப் பற்றி. கருவில் வளரும்போது கண்ணீர்க் குழாய் மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டே வருகிறது. மூக்கில் திறக்கும் கடைசி இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும் சில குழந்தைகளுக்குப் பிறந்த பின்னும் கிழியாமல் இருந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இருப்பது தழும்பாகிக் கெட்டித்துப்போன அடைப்பு, குழந்தைக்கு இருப்பது திறக்க மறந்த கதவு. அது தானாகவே திறந்துகொள்ளும். இப்படி நீர் வடியும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயது நிறைவதற்குள் சரியாகிவிடுகிறது. நான்கு மாதக் குழந்தைக்கு அறுவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

காத்திருக்கும் மாதங்களில் நீங்கள் செய்ய வேண்டியது மசாஜ். இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, சுண்டுவிரல் அல்லது ஆள்காட்டி விரலின் நுனியை மூக்கின் வேருக்கும் கண் முனைக்கும் இடையே உள்ள சிறு பள்ளத்தில் வையுங்கள். கண்ணின் மேல் அல்ல, இமையின் மேலும் அல்ல, எலும்பின் மேல். அங்கே மெல்ல உள்நோக்கி அமுக்கி, அமுக்கத்தை விடாமல் மூக்கின் பக்கமாகவே கீழ்நோக்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழுங்கள். மேலேயிருந்து அழுத்தம் போனால்தான் கீழே உள்ள சவ்வு கிழியும். தோலை மட்டும் வருடிவிடுவதால் பயன் இல்லை, குழந்தை துடிக்கும்படி அமுக்கவும் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். பால் குடித்து அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் வசதியாக இருக்கும். அமுக்கும்போது கண் முனையில் பூளை எழுந்து வந்தால் பயப்படாதீர்கள், பை காலியாகிறது என்று பொருள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து, அந்தப் பஞ்சை மறுபடி பயன்படுத்தாமல் போட்டுவிடுங்கள். முதல் முறை ஒரு கண் மருத்துவர் செய்து காட்ட, அவர் முன்னிலையிலேயே நீங்களும் செய்து பார்த்துவிடுவது நல்லது. பூளை மிகவும் கூடினால் மட்டும் சில நாட்களுக்குச் சொட்டு மருந்து தருவார். அத்தைக்கு வாங்கிய குப்பியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குழந்தைக்கு விட்டுவிடாதீர்கள்.

ஒரு வயதாகியும் நிற்கவில்லை என்றால், சிறிது நேர மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்திச் சவ்வைத் திறந்துவிடும் ப்ரோபிங் என்ற சிகிச்சை உண்டு. சில நிமிட வேலை அது, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே முறையில் சரியாகிவிடும். மூன்று நான்கு வயதுவரை தள்ளிப்போட்டால் வெற்றி வாய்ப்புக் குறையலாம் என்பதால், முதல் பிறந்தநாளை ஒரு கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தையின் கண்ணில் நீர் வடிவது எல்லாமே அடைப்பாக இருந்துவிடாது. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறானா, ஒரு கண்ணின் கருவிழி மற்றதைவிடப் பெரிதாக அல்லது மங்கலாக, சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறதா என்று நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்படி இருந்தால் அது பிறவியிலேயே வரும் கண் நீர் அழுத்த நோயாக இருக்கக்கூடும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மூக்கோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அன்றே போக வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அத்தையோடு குழந்தையையும் அழைத்துப்போய் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரே பஸ் பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

பக்கத்து வீட்டு ஆச்சி அன்போடுதான் சொல்லியிருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம். ஆனால் தேங்கி நிற்கும் கண்ணில் அதை விட்டால் கிருமிக்குத் தீனி போட்டதாகிவிடலாம், அடைப்பைத் திறக்கும் சக்தியும் அதற்கு இல்லை. நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன், சின்ன வெங்காயச் சாறு ஆகிய எதையும் இருவர் கண்ணிலும் விட வேண்டாம். குளிப்பாட்டும்போது கண்ணிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதிவிடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கண்மையை இமைக்குள் தீட்டாமல், திருஷ்டிப் பொட்டாகக் கன்னத்தில் வைத்தால் போதும். ஆச்சிக்கு மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தோன்றினால், மசாஜ் செய்வதை அவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். பிள்ளைகளைப் பழகிய கை, உங்களைவிட நன்றாகவே செய்யும்.

அத்தையை அழைத்துப்போகும் நாளில், மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை காலையிலிருந்து கண்ணில் எந்த மருந்தும் விடாமல், மூக்கோரத்தை அமுக்கித் துடைக்காமல் வரச் சொல்லுங்கள். பை இருக்கிற நிலையிலேயே பார்த்தால்தான் எங்களுக்குச் சரியாகத் தெரியும்.